மதிப்பெண் மேலே போகிறது, குறிப்பு கோப்பில் தங்குகிறது: பிண்டிக்ஸ் தன்மதிப்பீட்டுப் படிவம் பற்றி

ஆசிரியர்கள் தம் பணியைத் தாமே மதிப்பிட்டுக்கொள்வதற்காக தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) 2013இல் வெளியிட்ட படிவம், பிண்டிக்ஸ் என்ற பெயரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிமுகமானது. தொடக்க நிலையிலும் உயர்தொடக்க நிலையிலும், அதாவது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கான செயல்திறன் குறியீடுகளின் தொகுப்பு இது. விலை கிடையாது, இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஒரு வட்டாரத்தின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றும் நான், ஆசிரியர்கள் இதை நிரப்பும்போது அருகில் இருந்திருக்கிறேன். நிரப்பிய தாள்களைத் தொகுத்திருக்கிறேன். சிலரோடு அமர்ந்து வரிவரியாகப் பேசியும் இருக்கிறேன். புதிய பயிற்சித் திட்டங்களும் செயலிகளும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும்போது பத்தாண்டு கடந்த ஒரு படிவத்தை எதற்கு மதிப்பாய்வு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். ஆசிரியர் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதற்கென்று நம் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த கருவிகளில் இதைவிட ஒழுங்காக அமைந்த ஒன்று என் கண்ணில் படவில்லை. இதைப்போல வீணடிக்கப்பட்டதும் வேறில்லை.

படிவம் ஏழு தரநிலைகளைக் கொண்டது. குழந்தைகளுக்கான கற்றல் அனுபவங்களைத் திட்டமிடுதல், பாடப்பொருளில் அறிவும் புரிதலும், கற்றலை எளிதாக்கும் உத்திகள், பிறருடன் பழகும் பாங்கு, பணித்திறன் மேம்பாடு, பள்ளி மேம்பாடு, ஆசிரியர் வருகை என்பன அவை. ஒவ்வொன்றின் கீழும் சில குறியீடுகள் உள்ளன. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஆசிரியர் ஒன்று முதல் நான்கு வரை தமக்குத் தாமே எண் இட வேண்டும். எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டவில்லை என்றால் ஒன்று, எட்டும் நிலையில் இருந்தால் இரண்டு, எட்டிவிட்டால் மூன்று, அதைத் தாண்டிவிட்டால் நான்கு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைச் செய்ய வேண்டும் என்பது வழிகாட்டுதல்.

ஏழு தரநிலைகளும் ஒரே கனம் கொண்டவை அல்ல. மூன்றாவதான கற்றல் உத்திகள் பகுதிதான் படிவத்தின் உயிர். வகுப்பறைச் சூழல், கற்றல் செயல்பாடுகள், கருத்துப் பரிமாற்றத் திறன், மதிப்பீடும் பின்னூட்டமும் என்று அது நான்கு கிளைகளாகப் பிரிகிறது. குறியீடுகள் மிகுதியாக இருப்பதும் இங்கேதான். ஏழாவதான வருகையைப் பார்ப்பவர்களுக்கு, தன்மதிப்பீட்டில் இதற்கு என்ன வேலை என்று தோன்றும். வருகைப் பதிவேடு பள்ளியிலேயே இருக்கிறது. அதைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ள என்ன இருக்கிறது? காரணம் சட்டத்தில் உள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆவது பிரிவில் ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடும்போது, பள்ளிக்கு ஒழுங்காகவும் குறித்த நேரத்திலும் வருதலை முதலாவதாக வைக்கிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டத்தை முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பித்தல், பெற்றோரை முறையாகச் சந்தித்தல் ஆகியவை அதன் பின்னே வருகின்றன. பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 29ஆவது பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்தும் மன அழுத்தத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்கிறது. பிண்டிக்ஸ் இந்த இரண்டு பிரிவுகளையும் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பையும் அடித்தளமாகக் கொண்டது. ஆகவே இதன் ஒரு கால் வகுப்பறையிலும் மறுகால் சட்டப் புத்தகத்திலும் நிற்கிறது. இதன் வலிமைக்கும் சிக்கலுக்கும் அதுவே காரணம்.

வலிமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 'நான் நல்ல ஆசிரியர்தானா?' என்ற கேள்விக்கு யாரும் பயனுள்ள விடை சொல்ல முடியாது. 'குழந்தைகள் முன்பே அறிந்தவற்றைக் கணக்கில் கொண்டு பாடத்தைத் திட்டமிடுகிறேனா?', 'குழந்தைகள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறேனா?', 'தேர்வுத்தாளைத் திருத்தித் தருவதோடு நிற்காமல், எங்கே தவறியது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேனா?' என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல முடியும். பிண்டிக்ஸ் பெரிய கேள்வியை இப்படிச் சிறு கேள்விகளாகப் பிரித்துத் தருகிறது. பல ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரும் தம் பணியை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. மூன்றாம் தரநிலையை முதன்முறை படிப்பவர்கள் சில இடங்களில் பேனாவை நிறுத்திவிட்டு யோசிப்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்த நிறுத்தம்தான் இந்தக் கருவியின் பயன். எண் அதற்குப் பிறகு வருவது.

இன்னொரு நல்ல ஏற்பாடும் இதில் இருக்கிறது; அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. எண்களை இட்டு முடித்ததும் ஆசிரியர் தம் சொந்தச் சொற்களில் ஒரு விவரணக் குறிப்பு எழுத வேண்டும் என்று வழிகாட்டுதல் கூறுகிறது. எந்தெந்த இடங்களில் தமக்கு உதவி தேவைப்படுகிறது என்பதையும் அதில் சேர்த்து எழுதலாம். தலைமையாசிரியரோ, அருகருகே உள்ள சில பள்ளிகளைக் கவனிக்கும் குறுவள மையத்தின் ஒருங்கிணைப்பாளரோ மதிப்பிடும்போது இந்தக் குறிப்பையும் வகுப்பறை உற்றுநோக்கலையும் ஆசிரியர், மாணவர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஆகியோருடனான உரையாடலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். காகிதத்தில் குறை சொல்ல முடியாத வடிவமைப்பு இது.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? தரநிலை வாரியாகக் கூட்டிய எண்கள் ஆசிரியருக்கான தொகுப்புத் தாளில் ஏறுகின்றன. அங்கிருந்து குறுவள மைய அளவிலான ஒருங்கிணைப்புத் தாளுக்குப் போகின்றன. தாளில் இருந்த வேலை இணையப் பதிவாக மாறியபோது சுருக்கம் இன்னும் இறுகியது. நான் பார்த்த இணையப் படிவம் ஒன்றில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் எதிரே எண்ணைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது. விவரணக் குறிப்புக்கு இடமே இல்லை. கடைசித் தேதி நெருங்கியதும் வாட்ஸப் குழுவில் நினைவூட்டல் வந்தது, யார் யார் இன்னும் பதியவில்லை என்ற பட்டியலும் கூடவே வந்தது. அன்று மாலைக்குள் எல்லோரும் பதிந்துவிட்டார்கள். பெரும்பாலானவை மூன்றும் நான்கும். தன்னை உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு செயல், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தரவுத்தளத்துக்கான பதிவேற்றங்களின் நீண்ட வரிசையில் மற்றுமொரு பதிவேற்றமாக முடிந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. தன் கையால் தனக்கு 'தரத்தை எட்டவில்லை' என்று எழுதி, அந்தத் தாளைத் தன்னை ஆய்வு செய்யும் அதிகாரியிடமே நீட்ட வேண்டும் என்றால் யார்தான் எழுதுவார்கள்? குறைந்த எண் இட்டால் விளக்கம் கேட்பார்களோ, பணிப்பதிவேட்டில் ஏறிவிடுமோ, இடமாறுதல் கலந்தாய்வில் குறுக்கிடுமோ என்ற ஐயங்களுக்கு யாரும் எழுத்துபூர்வமாக விடை சொல்வதில்லை. விடை கிடைக்காத இடத்தில் மூன்று என்பது பாதுகாப்பான எண். எட்டிவிட்டேன் என்று சொல்லும், பெருமை அடிக்காது, கேள்வியும் எழுப்பாது. ஒருங்கிணைப்புத் தாளில் மூன்றுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வட்டாரத்தின் கற்பித்தல் தரம் நிறைவளிக்கிறது என்று முடிவுகட்டுவோரும் உண்டு.

அச்சம் ஒருபுறம் இருக்க, அச்சமே இல்லாத இடத்திலும் தன்மதிப்பீட்டுக்கு இயல்பான ஒரு கோணல் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் குரூகரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு திறனில் பின்தங்கியிருப்பவர்களே தம்மை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. ஒன்றைச் சரியாகச் செய்யத் தெரியாதவருக்கு அது சரியாக வரவில்லை என்று கண்டுபிடிக்கவும் தெரிவதில்லை. அந்த ஆய்வு ஆசிரியர்களைப் பற்றியது அன்று. ஆனால் தாள்களைத் தொகுக்கும்போது அதே சாயலை நான் கண்டிருக்கிறேன். பாடநூலை வரிவரியாக வாசித்துக்காட்டிக் கேள்வி பதிலை எழுதிப்போடும் வகுப்பில் நான்கு. குழுவாக உட்காரவைத்து, சத்தம் கூடிவிட்டதே என்று தவிக்கும் வகுப்பில் இரண்டு. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாமவருக்குத்தான் பயிற்சி தேவை என்று தோன்றும்.

ஒரே ஒரு தாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், கருத்துப் பரிமாற்றப் பகுதியில் தமக்கு இரண்டு இட்டிருந்தார். கீழே விவரணக் குறிப்பில் நீல மையில் இப்படி எழுதியிருந்தார்: 'கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருப்பதில்லை. முதல் பெஞ்சில் இரண்டு பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டதாக நினைத்து அடுத்ததற்குப் போய்விடுகிறேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் இந்தப் பருவத்தில் ஒரு விடையாவது சொன்னார்களா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.' நான்கே வாக்கியங்கள். வகுப்பறை உற்றுநோக்கலுக்குப் போகும் அதிகாரி ஒருவர் பாதி நாள் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு துல்லியமாகக் கண்டு எழுதியிருப்பாரா என்பது ஐயமே. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து கண்டதும் இதுதான்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடி அளவே, அதை மூன்று வினாடியாக நீட்டினால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். அந்த ஆசிரியை இந்த ஆய்வைப் படித்தவர் அல்லர். படிவம் கேட்ட ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை எழுத உட்கார்ந்ததால் அந்த இடத்துக்குத் தாமே வந்து சேர்ந்தார்.

அவருடைய எண் மேலே போயிற்று. குறிப்பு பள்ளிக் கோப்பில் தங்கிவிட்டது. அடுத்து அவருக்கு வந்த பயிற்சி கலையோடு இணைந்த கற்றல் பற்றியது. நல்ல பொருள்தான், ஆனால் அவர் கேட்டது அது அன்று.

மதிப்பீட்டையும் பயிற்சியையும் இணைக்கும் கண்ணி இங்கேதான் அறுகிறது. இதைப் படிவத்தின் குற்றம் என்று மட்டும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்ட்டில் மத்திய அரசு தொடங்கிய நிஷ்டா ஆசிரியர் பயிற்சி, நாடு முழுவதும் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் இலக்காகக் கொண்டது. கொரோனாக் காலத்தில், 2020 அக்டோபரில், 18 தொகுதிகளாக திக்‌ஷா என்ற அரசு இணையக் கற்றல் தளத்துக்கு மாறியது. கலைத்திட்டம், பாலினப் பார்வை, கலையோடு இணைந்த கற்றல், பள்ளி சார்ந்த மதிப்பீடு என்று எல்லோருக்கும் அதே தொகுதிகள். தொகுதியை முழுவதும் முடித்து, இறுதி வினாடிவினாவில் 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். மூன்று முறை முயலலாம். தொகுதிகளின் உள்ளடக்கம் பல இடங்களில் தரமானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வகுப்பில் காத்திருக்கத் தெரியவில்லை என்று எழுதியவருக்கும், பாடப்பொருளிலேயே தடுமாறுகிறேன் என்று எழுதியவருக்கும், எழுதாமல் மூன்று போட்டவருக்கும் அதே வரிசையில் அதே காணொளிகள். காணொளியை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதும், விடைகள் வாட்ஸப்பில் சுற்றுவதும் ஊரறிந்த செய்தி.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இப்படிச் செய்வதில்லை என்பதுதான் வியப்பு. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதலில் அடிப்படை மதிப்பீடு நடத்தி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற செயல்பாடுகளைத் தருகிறோம். ஒரே வகுப்பில் உள்ள எல்லோருக்கும் ஒரே பயிற்சித்தாள் தருவது சரியன்று என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதைச் சொல்லிக்கொடுக்கும் பருவப் பயிற்சியில் புதிதாகப் பணியில் சேர்ந்தவரும் ஓய்வுக்கு இரண்டு ஆண்டு உள்ளவரும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே பவர்பாயிண்டைப் பார்க்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. அந்த வாசகத்திலேயே அது அவரவர் விருப்பத்தின் வழியில் அமைய வேண்டும் என்ற தொடரும் உண்டு. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு எதிர்ப்பது வேறு கதை. எங்கும் 50 என்ற எண் நினைவில் நின்ற அளவுக்கு விருப்பம் என்ற சொல் நிற்கவில்லை. எண்ணை எண்ணிவிடலாம், விருப்பத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்பதற்கு வேண்டிய படிவம் 2013இலிருந்தே கையில் இருக்கிறது.

படிவத்தின் சொந்தக் குறைகளுக்கு வருகிறேன். முதன்மையான குறை, அது ஆசிரியரைப் பார்க்கிறது, அவர் நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்துச் சமாளிக்க வேண்டும். இடையில் காலை உணவு, மதிய உணவு, எமிஸ் பதிவு, வங்கிக் கணக்கு, ஆதார். அந்த ஆசிரியர் 'குறித்த காலத்துக்குள் பாடத்திட்டத்தை முடிக்கிறேன்' என்ற குறியீட்டுக்கு ஒன்று இட்டால் அது அவருடைய செயல்திறனைச் சொல்கிறதா, பள்ளியின் ஆள்பலத்தைச் சொல்கிறதா? படிவத்தில் இதைப் பிரித்துக் காட்ட வழியில்லை. கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டுமே விலக்கு. ஆசிரியரின் கடமையைச் சொல்லும் 24ஆவது பிரிவைக் குறியீடுகளாக மாற்றியவர்கள், அரசின் கடமையைச் சொல்லும் 27ஆவது பிரிவிலிருந்து ஒரு குறியீட்டைக்கூட எடுக்கவில்லை. எண் இடும் பத்திக்குப் பக்கத்தில் 'இதற்குத் தடையாக இருப்பது என்ன?' என்று ஒரு சிறு பத்தி இருந்திருந்தால் இந்தத் தாள் பல மடங்கு உண்மை பேசியிருக்கும்.

இரண்டாவது குறை, சில குறியீடுகள் இரண்டு மூன்று செய்திகளை ஒரே வரியில் அடக்கியிருப்பது. ஒன்றைச் செய்பவர் மற்றொன்றைச் செய்யாதபோது எந்த எண்ணை இடுவது? நீளமும் ஒரு சிக்கல்தான். முழுவதையும் ஒரே அமர்வில் நிரப்பினால் கடைசித் தரநிலைகளுக்கு வரும்போது யாருக்கும் யோசிக்கும் பொறுமை மிஞ்சாது. தமிழாக்கப் படிகள் பலவற்றில் நடை கடினமாக இருக்கிறது. அருகில் ஒருவர் இருந்து விளக்கினால் சரியாகிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. ஆசிரியருக்குப் பயிற்சி தருபவர் தம்மை மதிப்பிட்டுக்கொள்ள இதில் ஒரு வரிகூட இல்லை. இதற்கு முன்பு யுனிசெஃப் துணையோடு மத்திய அரசு வகுத்த அடெப்ட்ஸ் என்ற முயற்சியில் ஆசிரியர்களுக்கு மட்டுமன்றி, குறுவள மையம், வட்டார வள மையம், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றுவோருக்கும் செயல்திறன் தரநிலைகள் எழுதப்பட்டன. பிண்டிக்ஸ் அந்தப் பாதையில் ஆசிரியரோடு நின்றுவிட்டது. விளைவாக, மதிப்பிடப்படுபவர்கள் ஆசிரியர்கள், மதிப்பிடுபவர்கள் நாங்கள் என்ற ஒருவழிப் போக்கு இயல்பானதாகிவிட்டது. எங்களைப் பற்றி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கும் ஒரே இடம் பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தில் தரப்படும் பின்னூட்டத்தாள். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று குறியிட்டு, கையொப்பமிட்டுத் தந்துவிட்டுப் போகிறார்கள். அதைத் தொகுத்து 'பயிற்சி மிகச் சிறப்பாக நடந்தது' என்று நாங்கள் அறிக்கை எழுதுகிறோம். மூன்று போட்ட ஆசிரியருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆகவே மூன்றாம் தரநிலையை எடுத்து, 'குழந்தைகள்' என்று வரும் இடத்தில் 'ஆசிரியர்கள்' என்று மாற்றி, சில வரிகளைச் சேர்த்து எங்களுக்கென ஒரு தாளைத் தயாரித்துக்கொண்டோம். இந்த அமர்வில் ஆசிரியர்கள் பேசிய நேரம் அதிகமா, நான் பேசிய நேரம் அதிகமா? நான் சொல்லிக்கொடுத்த உத்தியை ஒரு வகுப்பிலாவது நானே நடத்திப் பார்த்திருக்கிறேனா? பல்வகுப்புக் கற்பித்தலைப் பற்றிப் பேசும்போது ஈராசிரியர் பள்ளி ஒன்றின் உண்மையான கால அட்டவணையை வைத்துக்கொண்டு பேசினேனா? போன பயிற்சியில் ஆசிரியர்கள் எழுப்பிய கேள்விக்கு இந்தப் பயிற்சியிலாவது விடை கொண்டுவந்தேனா? இரண்டாவது கேள்விக்குத்தான் எங்களில் பெரும்பாலோர் தயங்கினோம். மாநிலப் பயிற்சியில் கேட்டதை மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் கேட்டதை வட்டாரத்துக்கும் கடத்தும் அடுக்குமுறையில், இடையில் யாரும் ஒரு வகுப்பில் நின்று செய்து பார்ப்பதற்கு அட்டவணையில் நாளே ஒதுக்கப்படுவதில்லை.

படிவத்தை எப்படிப் பயன்படுத்தினால் பயன் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் நிரப்பத் தேவையில்லை. மூன்றாம் தரநிலையின் ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, எண் இடும் முன் சொந்த வகுப்பில் பத்து நிமிடம் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்பது நல்லது. காணொளி வேண்டாம், பிள்ளைகளின் முகம் பதிவாவதால் அனுமதிச் சிக்கல் வரும், பிள்ளைகளும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒலிப்பதிவைக் கேட்டபின் இடும் எண் கேட்பதற்கு முன் இட்டதிலிருந்து பெரும்பாலும் இறங்கும். அதன்பின், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் அந்த ஒரு கிளையைப் பற்றி மட்டும் பேசலாம். தலைமையாசிரியரிடம் போகும் முன் சக ஆசிரியரிடம் போவதால் அச்சம் குறைகிறது. இதற்குக் குறுவள மையக் கூட்டமே பொருத்தமான இடம். ஆனால் சுற்றறிக்கை வாசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுவதால் வாய்ப்புக் குறைவு. ஒரே பள்ளியில் இருவர் இணைந்து செய்வது எளிது. பருவத்துக்கு ஒரு கிளை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குள் மூன்று கிளைகள் முடிந்துவிடும். மீதியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

எண்களை ஆசிரியரிடமே விட்டுவிட்டு, விவரணக் குறிப்பில் 'உதவி தேவைப்படும் இடம்' என்ற ஒரு வரியை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கும் ஏற்பாடு வட்டார அளவில் வந்தால், இந்தப் படிவத்துக்கு முழு மதிப்பெண் தரத் தயங்க மாட்டேன். அந்த வரிகளைத் தொகுத்தாலே அடுத்த பயிற்சிக்கான பாடப்பொருள் பட்டியல் தயாராகிவிடும்; மாநிலத் தலைநகரில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை. தற்போதைய வடிவில், எண்ணைத் தொகுத்துக் குறிப்பை விட்டுவிடும் வடிவில், ஆசிரியரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இது எதையும் திருப்பித் தருவதில்லை. பதிவேற்றக் கட்டாயத்துக்காக மட்டும் நிரப்புகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. யாரும் கேட்காவிட்டாலும் தன் வகுப்பைத் தானே பார்க்க விரும்பும் ஆசிரியருக்கும், இதன் குறியீடுகளைத் தம் பயிற்சி அறைக்குத் திருப்பிவைத்துப் பார்க்கத் துணியும் பயிற்றுநருக்கும் பரிந்துரைக்கிறேன். தொடங்குபவர்கள் முதல் தரநிலையில் தொடங்க வேண்டாம்; திட்டமிடுதல் பற்றிய கேள்விகளுக்குப் பாடக்குறிப்பேட்டைப் பார்த்தே விடை எழுதிவிடலாம். மதிப்பீடும் பின்னூட்டமும் என்ற கிளையில் தொடங்குங்கள். பக்கத்தில் அண்மையில் திருத்திய தேர்வுத்தாள் கட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.